புளி போட்டுத் துலக்கிய காசுகள்

அன்புள்ள சேகனா காக்கா,

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அபு ராஷிதின் பண்ணையில் நீங்கள் கண்டெடுத்துக் கொடுத்த ஏழு செப்புக் காசுகளும் அசல்தான். அந்தப் பண்ணை மண்ணிலிருந்து வந்தவைதான். தொல்பொருள் துறை ஆய்வகத்தில் உலோகப் பொருள்களைப் பார்க்கும் அதிகாரி கடந்த திங்கட்கிழமை என்னையும் உங்கள் மகன் நூகுவையும் எதிரே உட்காரவைத்து இதைச் சொன்னார். வாய்ச்சொல்லாக விட்டுவிடவில்லை. கையெழுத்திட்ட அறிக்கையை எங்கள் இருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இரண்டு முறை படித்தேன்.

இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள். நோன்புப் பெருநாளே நீங்கள் இல்லாமல் வந்து போய்விட்டது.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வருகிறது. உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் நீங்கள் அறிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். செய்தி எழுதும்போது என்னைக் கேலி செய்வீர்களே, "தம்பி, யாரு, எங்கெ, எப்பொன்னு சொல்லாம உங்களுக்குத் தண்ணி கூட இறங்காது" என்று. இன்றும் அப்படித்தான்.

வடக்கு அமீரகத்தில், மலையடிவாரப் பண்ணைகளுக்குப் போகும் சாலையில் உங்கள் கடை. பம்பு, குழாய், வால்வு, சொட்டுநீர்ப் பாசனத்துக்கான சில்லறைச் சாமான்கள். காயல்பட்டினத்திலிருந்து இளைஞராக வந்து அங்கேயே நரைத்தவர் நீங்கள். அண்ணனைக் காக்கா என்பது உங்கள் ஊர் வழக்கு; எனக்கும் நீங்கள் காக்காதான். காசுகளைக் காட்டிக்கொடுத்த அந்த மிஷினை நீங்கள் வாங்கியது புதையலுக்காக அல்ல. இங்கே பண்ணைகள் கைமாறும்போது, மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்ற விவரம் பழைய ஆளோடு போய்விடும். புதுக் குழாய் பதிக்க வாய்க்கால் வெட்டினால் பழைய இரும்புக் குழாயில் இடித்து நிற்கும். தரையை வெட்டுவதற்கு முன் அது எங்கே கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் நீளக் கம்பும் அடியில் வட்டத் தட்டுமாய் அந்த உலோகம் காட்டும் கருவி. பழம்பொருள் தேடி நிலத்தைக் கிளற இங்கே அரசாங்க அனுமதி வேண்டும். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த எல்லையை நீங்கள் தாண்டியதில்லை.

ஆனாலும் மண் சும்மா இருக்காதே. குழாயைத் தேடினால் வேறு எதையாவது காட்டும். வெள்ளிக்கிழமைக் காலைகளில் துபாயிலிருந்து வண்டியெடுத்து உங்களோடு வந்ததெல்லாம் அதற்காகத்தான் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. நீங்கள் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, குதிரைமசால் பாத்தியின் ஓரமாகத் தட்டை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடப்பீர்கள். இன்னொரு காது எனக்கு. இரும்பென்றால் மிஷின் உறுமும். தகரத்தாளென்றால் விட்டுவிட்டுக் கத்தும். செம்போ வெள்ளியோ என்றால் ஒரே சீராக, குருவி போல. நான் தோண்டுவேன். முதல் நாள் நான் ஆசையாய்த் தோண்டி எடுத்தது குளிர்பான டப்பாவைத் திறக்கும் வளையம்.

"பத்திரமா வையுங்கோ தம்பி. இது பெப்சி ராஜா காலத்துக் காசு" என்றீர்கள். சிரிக்கக்கூட இல்லை.

பிறகும் எவ்வளவோ கிடைத்தது. பழைய தோட்டா உறைகள், ஒட்டகக் கழுத்து மணியின் நாக்கு, யாரோ தொலைத்த ஸ்பானர், ஒரு முறை ஒரு கல்யாண மோதிரம். கிடைத்தது எதுவானாலும் பண்ணைக்காரர் கையில் கொடுத்துவிடுவீர்கள். ஸ்பானர் உட்பட. "இது அவங்க மண்ணு. துருவும் அவங்களுதுதான்" என்பீர்கள்.

போன குளிர்காலத் தொடக்கத்தில் அபு ராஷித் உங்களைக் கூப்பிட்டார். பேரீச்சை வரிசைகளுக்கு அப்பால், இடிந்த மண்சுவருக்குப் பக்கத்தில், புதிதாகக் குழாய் பதிக்க வேண்டும். அன்றும் நான் வந்திருந்தேன். சுவரிலிருந்து சில அடி தள்ளிக் குருவிச் சத்தம் கேட்டது. நீங்கள் தட்டைத் திருப்பி, குறுக்கே ஒரு முறை வீசிப் பார்த்தீர்கள். அதே சத்தம். "மெதுவா தம்பி. கையால" என்றீர்கள். முழங்கையளவு ஆழத்தில் ஒரு மண்கட்டி. உள்ளே பச்சைப் பச்சையாக வட்டங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. நீங்கள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டீர்கள். அபு ராஷித் அன்று ஊரில் இல்லை. வந்ததும் கொடுத்துவிடுவதாகச் சொன்னீர்கள். நான் ஜுமாவுக்கு முன்பே துபாய் திரும்பிவிட்டேன்.

மறுநாள் உங்கள் அறைச் சமையலறையில் நடந்ததை நூகு சொல்லித்தான் அறிந்தேன். மண்கட்டியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தீர்கள். காசுகளைப் பிரித்தீர்கள். ஊரிலிருந்து வந்த புளியை உருட்டி, உப்பைத் தொட்டு, ஒவ்வொரு காசாக, முன்னும் பின்னும், பளபளவென்று வரும்வரை தேய்த்தீர்கள். நூகு கேட்டிருக்கிறான், "வாப்பா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? அப்படியே குடுத்தா என்ன?"

"அடுத்தவங்க சாமானை அழுக்கோடவா குடுக்கிறது? விருந்துக்கு இரவல் வாங்குன அண்டாவை உங்க உம்மா எப்படித் திருப்பிக் குடுப்பாங்க? புளி போட்டுத் துலக்கித்தானே?"

நியாயம்தான், காக்கா. அந்த இடத்தில் நம் ஊர் ஆள் யார் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

அபு ராஷித் திரும்பியதும் கொடுத்தீர்கள். கிழவருக்கு மகிழ்ச்சி. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, புதுசு போல இருக்கிறதே என்று சிரித்தாராம். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவருடைய மகன் ராஷித் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காசுகளைத் துபாயில் பழைய நாணயம் விற்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அந்த வியாபாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுற்றுலாப் பயணிகளுக்கு மூட்டை மூட்டையாக விற்கும் போலிக் காசுகள் இவை, நூறு வருஷம் மண்ணில் கிடந்த செம்பு இப்படி மின்னாது என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் அந்தக் கடைசி வரி மட்டும் உண்மை. செம்பு மண்ணில் மின்னாதுதான்.

அதன் பிறகு ராஷித் கடைக்கு வந்தார். அன்று நடந்ததை நூகு சொன்னான். வால்வு வாங்க வந்திருந்த பெஷாவர் மெக்கானிக்கும் தனியாகக் கேட்டபோது அதையே சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாக இருப்பதால் எழுதுகிறேன்.

"ஷேக் பாய், அஸ்லி கிதர்?" என்று கேட்டாராம் ராஷித். அசல் எங்கே என்று.

"இதுதான் அஸ்லி. வேற மாஃபி." வேறு எதுவும் இல்லை என்றிருக்கிறீர்கள்.

"மண்ணுக்குள்ள இருந்ததை எடுத்துக்கிட்டு, கடையில வாங்கினதை எங்க அப்பா கையில குடுத்திருக்கீங்க. அவர் வயசானவர். உங்களை நம்புவார். நான் நம்ப மாட்டேன்."

நீங்கள் சத்தம் போடவில்லையாம். தேய்த்துக் கழுவினேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். "யாராவது பழைய காசைத் தேய்ப்பாங்களா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நீங்கள் அண்டாவைப் பற்றிச் சொன்னீர்களாம். உங்கள் ஹிந்தியில் அது அவருக்கு எவ்வளவு புரிந்திருக்கும்? புரிந்திருந்தாலும் நம்பியிருப்பாரா? கடைசியில், "கலாஸ், முடிஞ்சுது. மேலே பார்த்துக்கிறவங்க பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காசுகள் தொல்பொருள் துறைக்குப் போயின. கூடவே, நீங்கள் அசலை மாற்றிவிட்டீர்கள் என்ற ராஷிதின் புகாரும் எழுத்தில் போயிற்று. துறையில் உங்களை ஒரு முறை கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். மிஷினைச் சோதனைக்கு வைத்துக்கொண்டார்கள். இதற்கிடையே ராஷித் ஜேசிபி கொண்டுவந்து மண்சுவரோரம் முழுவதையும் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் உங்கள் கணக்கில்தான் சேர்ந்தது.

நகரத்தில் வசிக்கும் பண்ணைக்காரர்கள் வாசல் சாவியை உங்கள் கடையில்தான் கொடுத்து வைப்பார்கள். பம்பு நின்றுவிட்டால் நீங்கள் போய்த் திறந்து சரிசெய்ய. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அந்தச் சாவிகள் தொங்கும். அந்த மாதத்தில் ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. ஒருவர் மட்டும், "என் தம்பி இனி இங்கேதான் தங்கப் போகிறான்" என்றார். அவருக்குத் தம்பியே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். "நல்லது, சலாம் சொல்லுங்கோ" என்று சாவியைக் கொடுத்தீர்கள்.

நான் வந்தேன். வியாபாரி சொன்னது தவறு என்று எழுதுகிறேன், உங்கள் பேச்சையும் அபு ராஷிதின் பேச்சையும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். நீங்கள் டீயை என் பக்கம் தள்ளினீர்கள்.

"எழுதாதீங்கோ தம்பி."

"ஏன் காக்கா?"

"நான் திருடலைன்னு நீங்க பேப்பர்ல போட்டா, திருட்டுன்னு ஒன்னு இருந்திச்சுன்னு ஊருக்கே தெரியும். இப்போ நாலு பேருக்குத்தானே தெரியும்?"

"பிறகு எப்படித்தான் தீரும் இது?"

"அவங்கட்ட பெரிய பெரிய மிஷின் இருக்காம். அது சொல்லும். நம்ம மிஷினே பொய் சொன்னதில்லையே."

உங்கள் பேச்சில் நியாயம் இருந்தது. செய்திக்கு வேண்டிய உறுதியும் அன்று என்னிடம் இல்லை. அறிக்கை வரட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, பைப் கட்டு ஒன்றை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. மருத்துவர் இதயம் என்று எழுதினார். வேறு எதையும் அவர் எழுத முடியாது. நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பது செய்தி ஆகாது.

ஜனாஸாவுக்கு அபு ராஷித் வந்தார், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க. ஒரு பிடி மண் போட்டார். ராஷித் வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்தக் கபர்ஸ்தானில் யாருக்கும் பெயர் எழுதுவதில்லை. தலைமாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். அன்று எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இப்போது இல்லை.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். அந்த அதிகாரி ஜோர்டான்காரப் பெண். நிதானமாகப் பேசினார். ஏழு காசுகளிலும் விளிம்பருகே ஒரு சிறு துளை இருக்கிறது, பார்த்தீர்களா என்று கேட்டார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் விரலும் புளியும் அதற்குள் போயிருக்க முடியாது. துளைக்குள் பழைய பச்சைக் களிம்பு அப்படியே இறுகிக் கிடந்தது. அதற்குள் மண். மண்ணுக்குள் பருத்தி நூலின் மிச்சம். ஜேசிபி விட்டுவைத்த குழியின் ஒரு பக்கத்திலிருந்து எடுத்த மண்ணும் துளைக்குள் இருந்த மண்ணும் ஒன்றுதான். கடையில் வாங்கிய காசில் இதைச் செய்ய யாராலும் முடியாது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

பிறகு பூதக்கண்ணாடியில் ஒன்றைக் காட்டினார். ஓர் எழுத்தின் பள்ளத்தில் பழுப்பாக ஒரு நார்.

"இது என்ன செடி என்று எங்களுக்குத் தெரியவில்லை. இது புதியது."

"புளி" என்றேன்.

"சாப்பிடுகிற புளியா?"

"ஆமாம். சாம்பாருக்குப் போடுவோம்."

"மீன் குழம்புக்கு" என்றான் நூகு.

காசுகளைக் கழுவும்படி உங்களிடம் யார் சொன்னது என்று அதிகாரி கேட்டார். யாரும் சொல்லத் தேவையில்லை என்று சொல்லி, அந்த இரவல் அண்டாவின் கதையைச் சொன்னேன். இந்த முறை ஆங்கிலத்தில். அவருக்குப் புரிந்தது. அவருடைய ஊரிலும் அண்டை வீட்டுத் தட்டைக் கழுவாமல் திருப்ப மாட்டார்களாம். பூதக்கண்ணாடியை ஒதுக்கி வைத்துவிட்டு, "மண்ணோடு கொண்டுவந்திருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பேன்" என்றார்.

காக்கா, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நீங்கள் இருந்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

தேய்த்ததில் போனதும் உண்டு. மறைக்காமல் சொல்கிறேன். ஐந்து காசுகளில் எழுத்து மழுங்கிவிட்டது. ஆண்டைப் படிக்க முடியாது. இரண்டில் மட்டும் தராசின் உருவம் தெரிகிறது. நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் புழங்கிய கால் அணாக் காசுகள் என்று நினைக்கிறார்கள். கப்பலில் வந்து, யார் கைக்கோ போய், துளையிட்டு, நூலில் கோத்து, ஏதோ ஒரு குழந்தையின் கழுத்திலோ ஆட்டின் கழுத்திலோ தொங்கியிருக்கலாம். எது என்று இனித் தெரியாது. சுவரோரம் புரட்டப்படாமல் இருந்திருந்தால் அங்கே இருந்தது வீடா, தொழுவமா என்று பார்த்திருக்கலாம் என்றார். சந்தையில் இந்தக் காசுகளுக்குப் பெரிய விலை கிடையாதாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தேறும். அதைத் திருடியதாகத்தான் உங்களைச் சொன்னார்கள்.

ராஷிதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிக்கையின் பிரதி அவருக்கும் போயிருக்கிறது. புதன்கிழமை கடைக்கு வந்தார். நூகு மட்டும் இருந்தான். ஓர் இன்ச் வால்வு கேட்டார். எடுத்துக் கொடுத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறார். "உங்க அப்பா அன்னிக்கு ஒரு பாத்திரத்தைப் பத்திச் சொன்னார். எனக்குப் புரியலை" என்றாராம். "அல்லாஹ் யர்ஹமு", இறைவன் அவருக்கு இரங்கட்டும், என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அந்தப் பண்ணையில் வால்வு எதுவும் கெட்டிருக்கவில்லை. நூகுதான் போன வாரம் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்திருந்தான், அபு ராஷித் கூப்பிட்டு.

அவரை வெறுக்க எனக்கு இப்போது வரவில்லை. நீங்கள் எப்போதுமே வெறுக்கவில்லை. ஆனால் வால்வு வாங்கினால் போதுமா?

எழுத வேண்டாம் என்ற உங்கள் வார்த்தையை மீறுகிறேனே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். நானாக மீறவில்லை. காயலுக்குப் போன் செய்து அறிக்கையைப் பற்றி நூகுவின் உம்மா, நம் லாத்தாவிடம் சொன்னேன். அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தம்பி, நாலு பேருக்குத்தான் தெரியும்னு அவங்க நினைச்சிட்டுப் போய்ட்டாங்க. இங்கெ தெருவுக்கே தெரியும். தப்பாத் தெரியும். போன வாரம் ஒருத்தி வாசல்ல வந்து, 'என்ன லாத்தா, புதையல் காசுல மாடி எடுக்கப் போறியளாமே'ன்னு கேக்குறா. கூரையில தண்ணி ஒழுகுது, அதைப் பாத்துட்டே கேக்குறா."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"வாளியை எடுத்து வைக்கச் சொன்னேன். வேற என்ன சொல்ல? நீங்க எழுதுங்கோ. பேரைப் போட்டே எழுதுங்கோ."

அதனால்தான் எழுதுகிறேன். புகார் வந்தபோதே எழுதியிருந்தால், அந்தப் பெண் உங்கள் வாசலுக்கு வந்திருக்க மாட்டாளோ? அல்லது முன்னதாகவே வந்திருப்பாளோ? இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு விடை தெரியவில்லை.

இன்னும் முடியாதவை இரண்டு. அறிக்கை காசுகளைப் பற்றியது. உங்களைப் பற்றிய புகார் தனிக் கோப்பு. கொடுத்தவர் எழுத்தில் திரும்பப் பெறவேண்டும், அல்லது துறையின் குழு கூடி முடித்துவைக்க வேண்டும். ராஷித் கையெழுத்துப் போடுவதாகத் துறைக்குப் போனில் சொல்லியிருக்கிறார். இன்று காலைவரை போடவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் குழு கூடுகிறது என்று அந்த அதிகாரி சொன்னார். இரண்டாவது, காசுகளின் பதிவு. அதில் கண்டெடுத்தவர் என்ற இடத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறார்கள். கோப்பு முடிந்த பிறகுதான் பெயர் எழுதுவார்கள். எழுதுவார்கள் என்று அவர் நம்புகிறார். நம்பிக்கையை நான் உறுதி என்று எழுதுவதில்லை.

ஆனால் இதை உறுதியாக எழுதலாம். குழு கூடும் நாளில் நான் அந்த அலுவலக வாசலில் இருப்பேன். முடிவு எதுவானாலும் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, லீவு போட்டுக் காயலுக்குப் போவேன். லாத்தாவுக்கு முதலில் படித்துக் காட்டுவேன். பிறகு தெருவில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும். உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் திரும்பி வந்து மறுபடியும் மனுப் போடுவேன்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
முரளி